டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் மாட்டியிருக்கும் போர்டு பற்றி

சபா நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். இருபது வருடங்களுக்கு மேலாக உங்கள் சபாவில் உறுப்பினராக இருக்கிறேன். சந்தா பாக்கி எதுவும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரி மடல் வந்தால் உடனே ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு.

பழைய நாடக, சினிமாப் பாடகியும் நடிகையுமான கே.பி. சுந்தராம்பாளின் வாழ்க்கையைச் சொல்லும் இசை நாடகம் நம் மேடையில் இரண்டு நாள் நடந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது முறை. அதற்கு டிக்கெட் வாங்க வந்தபோது கவுன்டர் பக்கத்தில் புதிதாக ஒரு போர்டு. நடிகர்களுடன் சேர்ந்து பாடக் கூடாதாம். 'ஒன்ஸ் மோர்' என்று குரல் எழுப்பக் கூடாதாம். காட்சி முடியும்வரை கை தட்டக் கூடாதாம். கீழே, 'சில உறுப்பினர்களின் புகாரை முன்னிட்டு' என்று ஒரு வரி. அந்தப் புகாரில் பாதி என் அம்மாவைப் பற்றியது என்பது எனக்குத் தெரியும். மீதிப் பாதியில் நானும் இருக்கிறேன்.

முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். திரை விலகியதும் ரயில் பெட்டி. வறுமையில் ஒரு சிறுமி ரயிலில் பாடிக் காசு கேட்கிறாள். மைக் இல்லாமல், தம்புரா இல்லாமல், வெறும் குரல். அந்தப் பிஞ்சுக் குரல் இரண்டாவது அடிக்குப் போகும்போது, டார்ச் விளக்கு வெளிச்சத்தில் ஒரு ஊர்வலம் முதல் வரிசைக்கு வந்தது. நன்கொடையாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும், சுமார் பத்துப் பேர். ஒருவர் உட்கார்ந்தபின் எழுந்து, இடம் மாறி, பின்னால் திரும்பி யாருக்கோ கையசைத்தார். ரயில் காட்சி முழுக்க அவர் முதுகில்தான் ஓடியது. இதைப் பற்றிப் போர்டில் ஒரு வார்த்தை இல்லை.

சரி, ஒன்ஸ் மோர் விஷயத்துக்கு வருகிறேன். அதை ஆரம்பித்தது நாங்கள் இல்லை, மேடைதான். 1926இல் இலங்கையில் நாடக நடிகர் கிட்டப்பாவும், பின்னாளில் அவர் மனைவியான சுந்தராம்பாளும் முதன்முதலாகச் சேர்ந்து நடித்த இரவைக் காட்டுகிறார்கள். கிட்டப்பா செங்கோட்டைக்காரர், அதற்குள் பெரிய பெயர். இந்தப் பெண்ணோ கொடுமுடியிலிருந்து வந்தவள். இருவருக்கும் நடுவில் பாட்டிலேயே ஒரு மல்லுக்கட்டு. மேடையின் ஓரத்தில் தரை டிக்கெட் கூட்டமாக நாலைந்து நடிகர்கள் தலையில் துண்டு கட்டிக்கொண்டு குந்தியிருந்தார்கள். பாட்டு முடிந்ததும் அவர்கள் 'ஒன்ஸ் மோர்' என்று கத்தினார்கள். அது நாடகத்தில் எழுதியிருக்கும் வசனம். ஆனால் மூச்சு விடும் நேரத்துக்குள் பால்கனியிலிருந்து இன்னொரு குரல், அப்புறம் நடு வரிசைகளிலிருந்து, அப்புறம் நான்.

அந்த நடிகை என்ன செய்தார் என்பதை எத்தனை பேர் கவனித்தீர்களோ தெரியவில்லை. ஒரு கணம் விழித்தார். ஒத்திகையில் இல்லாத விஷயம். ஹார்மோனியக்காரரைப் பார்த்தார். அவர் துருத்தியிலிருந்து கையை எடுக்காமல் மோவாயை மட்டும் லேசாகத் தூக்கினார். அவ்வளவுதான். பல்லவியை மறுபடி எடுத்தார், ஆனால் முன்பு பாடியது போல இல்லை. கடைசிச் சொல்லை மேல் ஸ்தாயியில் நிறுத்தி, கிட்டப்பாவாக நடித்தவரைப் பார்த்து 'இப்போது பாடு பார்க்கலாம்' என்பதுபோல் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை எந்த இயக்குநரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

நாடகம் முடிந்து பின்பக்க கேட்டில் ஆட்டோவுக்காக நின்றபோது அந்த ஹார்மோனியக்காரரும் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். புதுக்கோட்டைப் பக்கம் வள்ளி திருமணம் நாடகத்துக்கு வாசிப்பவராம். 'எங்க ஊர்ல இது தினப்படி நடக்குறதுங்க. இங்கதான் ஜனங்க பயந்து பயந்து கேக்குறாங்க' என்றார்.

அவர் சொன்னதில் ஒரு சரித்திரமே இருக்கிறது. அவர் வாசிக்கும் அந்த மாதிரி ஸ்பெஷல் நாடகத்தில் ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாகப் பேசி அழைத்து வருவார்கள். பல சமயம் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும், அதாவது கதாநாயகனும் கதாநாயகியும், அன்று மேடையில்தான் முதல்முறை சந்திப்பார்கள். கதையும் பாட்டும் இருவருக்கும் பாடம். மற்றதெல்லாம் அந்த இரவு, அந்தக் கூட்டம். ஒலிபெருக்கி கிடையாது. கடைசியில் மண்ணில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் புரிய வேண்டும், அதனால்தான் ஆண்களே நாலு கட்டை, ஐந்து கட்டை என்று அவ்வளவு உயர்ந்த சுருதியில் பாடினார்கள். அவனுக்குக் கேட்டதா இல்லையா என்பதை அவன் கத்தலை வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். சுந்தராம்பாளின் அந்தக் கணீர்க் குரல் இப்படிப்பட்ட கூட்டங்கள் பழக்கியெடுத்த குரல். அவரைப் பற்றிய நாடகத்தில் கூட்டத்தின் வாயைக் கட்டுவது, கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரரை மெதுவாக ஊதச் சொல்வது மாதிரி.

ரசிகர்களுக்கு அடக்கம் தெரியாது என்று யாராவது வாதாடினால், 1933 டிசம்பர் காட்சியை நினைவுபடுத்துகிறேன். கிட்டப்பா இறந்த செய்தி வருகிறது. அவருக்கு 27 வயது. வசனமே இல்லை. நடிகை உள்ளே போய் வெள்ளைப் புடவையில் திரும்பி வந்து, மேடையில் கிடந்த அவர் தலைப்பாகையை எடுத்து மடித்து வைத்தார். அரங்கில் மின்விசிறிச் சத்தம் மட்டும். எந்தப் போர்டும் சொல்லாமல் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். அந்த மௌனத்தில்தான் ஐந்தாவது வரிசையில் ஒரு செல்போன் சினிமாப் பாட்டோடு அலறியது. செல்போனுக்குப் போர்டு மாட்டுங்கள், ஆணி நானே வாங்கித் தருகிறேன். படம் பிடித்துக்கொண்டே பார்க்கிறவர்களையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். என் முன்னால் இருந்தவருடைய திரையில்தான் நான் பாதி நாடகம் பார்த்தேன்.

எல்லாச் சத்தமும் பாராட்டு என்று நான் சொல்ல வரவில்லை. 1935இல் சுந்தராம்பாள் சினிமாவில் நந்தனாராக ஆண் வேடத்தில் நடித்ததைக் காட்டியபோது கல்லூரிப் பிள்ளைகள் சிலர் களுக்கென்று சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் இடைவேளையில் அதே பிள்ளைகள், 'நமக்குத் தெரிஞ்ச ஔவையார் பாட்டி இவங்கதானா?' என்று வியந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வரைக்கும் அவர் பிறக்கும்போதே கையில் கோலோடும் நெற்றியில் திருநீறோடும் பிறந்தவர். அந்தப் பாட்டி இருபது வயதுப் பெண்ணாக வாய்ச்சண்டை போட்டதும், காதலித்ததும், கணவர் போனபின் ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று ஒதுங்கியதும், சினிமா வேண்டாம் என்று தட்டிக்கழிக்க ஒரு லட்சம் ரூபாய் கேட்டு அதையும் ஒருவர் கொடுத்துவிட்டதும் அவர்களுக்குப் புதுச் செய்தி. லட்சம் என்ற சொல் காதில் விழுந்ததும் என் பக்கத்து இருக்கைக்காரர், 'அப்போ பவுன் என்ன விலை?' என்று மனைவியிடம் கேட்டுக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். கணக்கு இடைவேளை வரை முடியவில்லை.

இன்னொன்று. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு. நாடகத்தில் அந்த மனைவி ஒரு வசனமும் பேசாமல் வந்து நின்றுவிட்டுப் போகிறார். அப்போது எனக்குப் பின்னால் ஒரு அம்மாள் சத்தமாகவே, 'பாவம், அவளை ஒரு வார்த்தை பேச விட்டிருக்கலாம்' என்றார். மறுநாள் பத்திரிகைக்கு விமர்சனம் எழுதியவர் யாராக இருந்தாலும் இதைவிடச் சரியான குறை சொல்லியிருக்க மாட்டார். 1951இல் சுந்தராம்பாள் சட்ட மேலவை உறுப்பினரான காட்சியில் பத்திருபது பேர் எழுந்து கேன்டீன் பக்கம் போனதும் ஒரு விமர்சனம்தான். அங்கே நாடகம் தொய்கிறது, குழுவினர் தெரிந்துகொள்வது நல்லது. (போண்டா அன்று நன்றாக இருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.)

கடைசியாக அம்மா. அவருக்கு வயது 83, கொடுமுடிக்குப் பக்கத்து ஊர். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து ஔவையார் படம் பார்த்தவர். இன்றைக்கும் சுந்தராம்பாள் என்று சொல்ல மாட்டார், 'நம்ம ஊர் அம்மா' என்பார். இப்போது காது கொஞ்சம் மந்தம், அதனால் தான் பாடுவது எவ்வளவு சத்தம் என்று அவருக்குத் தெரிவதில்லை. இரண்டாம் பாதியில், பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு மலை ஏறிய பிள்ளையைச் சமாதானம் செய்யும் அந்தப் பாட்டு வந்ததும் பாட ஆரம்பித்துவிட்டார். மேடைப் பாட்டுக்கு அரைத் தாளம் பின்னால், சுருதிக்குக் கொஞ்சம் கீழே. முன்வரிசைப் பெரியவர் திரும்பி 'ஷ்ஷ்' என்றார். அம்மாவுக்கு அது கேட்கவில்லை, அவர் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்துத் தலையாட்டிவிட்டு இன்னும் நன்றாகப் பாடினார். சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். சரணத்துக்கு வரும்போது 'ஷ்ஷ்' என்ற பெரியவரின் விரலே நாற்காலிக் கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. புகார் எழுதியவர் அவராக இருந்தால், அந்த விரலை ஒரு தடவை கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் வேண்டுகோள் பெரிதில்லை. போர்டை எடுத்துவிடுங்கள், அல்லது செல்போனுக்கும் தாமதமாக வருகிறவர்களுக்கும் என்று மாற்றி எழுதுங்கள். முதல் காட்சி முடியும்வரை யாரையும், எவ்வளவு நன்கொடை கொடுத்திருந்தாலும், வாசலில் நிறுத்தி வையுங்கள். பாட்டில் மூழ்க வேண்டும், பக்கத்தில் சத்தம் ஆகாது என்பவர்களுக்கு பால்கனியில் இரண்டு வரிசை ஒதுக்கிக் கொடுங்கள். அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. நடிகையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், அவருக்கு இடைஞ்சலாக இருந்தால் நான் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினோராம் வரிசையில் இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். அம்மா நேற்றே பச்சைப் புடவையை எடுத்துத் தேய்க்கக் கொடுத்துவிட்டார். டிக்கெட் வாங்க அவரும் கூட வந்திருந்தார், மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டார். அந்தப் போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். இன்றைய கேன்டீன் ஐட்டங்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பதினோராம் வரிசை உறுப்பினர்,
மேற்கு மாம்பலம், சென்னை