காஸ் கிரில்லைத் தூக்கிப் போடுமுன் கழற்றிப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

வாடை ஓய்ந்து சீசன் தொடங்கினால் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் ஒரே கதைதான். மாரி முழுக்க மூடிக் கிடந்த காஸ் கிரில்லை வெளியே இழுத்துப் பற்ற வைத்தால் பற்றாது, பற்றினாலும் மஞ்சளாக எரிந்து அறுக்குளா மீன் துண்டில் கரி பூசும். கிரில் விற்கும் கடையில் போய்க் கேட்டால் "பார்ட்ஸ் வராது, புதுசு எடுங்கோ" என்பார்கள். நானும் உப்புவெளியில் சிறிய கடை ஒன்று நடத்துகிறவன். அந்தப் பதிலை அப்படியே நம்பிப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மஞ்சள் சுவாலை என்றால் காற்று போதவில்லை என்று அர்த்தம், கிரில் செத்துவிட்டது என்றல்ல. சுவாலை எரியும் பர்னர் குழாயின் வாய்ப்பக்கம் காற்று உள்ளே போக ஒரு திறப்பு இருக்கும், சில மாதம் பாவிக்காமல் விட்டால் குளவி அதற்குள் மண் வைத்துக் கூடு கட்டிவிடும், இல்லாவிட்டால் சிலந்தி வலை பின்னும். அது காற்றை மட்டும் தடுப்பதில்லை, காஸும் பர்னருக்குள் போக வழியில்லாமல் பின்னால் திரும்பி, திருகும் குமிழுக்கு அருகிலேயே தீப்பிடிக்கும். இதைப் பார்த்துப் பயந்து நல்ல கிரில்லை எறிந்தவர்கள் இருக்கிறார்கள். சிலிண்டரைக் கழற்றி வைத்துவிட்டு, பர்னரை வெளியே எடுத்து, ஒரு கம்பியும் போத்தல் கழுவும் தூரிகையும் விட்டுத் துப்புரவாக்கினால் பாதிப் பேருக்கு வேலை அதோடு முடிந்துவிடும். பொறி வரவில்லையா, முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் நீளமான லைட்டர் போதும், அதற்காகப் புதுசு வாங்குவது வீண் செலவு.

சரி, கறள் பிடித்திருந்தால்? எங்கே பிடித்திருக்கிறது என்பதுதான் கேள்வி. வாட்டும் கம்பித் தட்டும், பர்னருக்கு மேலே சூட்டைப் பரப்பும் தகடும் எப்படியும் தேய்ந்து போகிற சாமான்கள், அளவு கொடுத்தால் பட்டறையில் செய்து தருவார்கள். பர்னரைக்கூடச் செய்விக்கலாம், ஆனால் பழைய பர்னரைக் கையோடு கொண்டுபோய் அதே அளவு ஓட்டை, அதே எண்ணிக்கை என்று பக்கத்தில் நின்று செய்விக்க வேண்டும். பர்னருக்குக் காஸ் விடும் சின்ன ஓட்டையுள்ள முனையை, அதாவது ஜெட்டை மட்டும் யாரையும் துளைபோட்டுப் பெருப்பிக்க விடாதீர்கள். ஹோஸும் ரெகுலேட்டரும் திருத்துகிற சாமானே இல்லை, சந்தேகம் வந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். கீறல் விழுந்த ஹோஸுக்கு டேப் சுற்றி ஓட்டுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன், 2021 நவம்பர், டிசம்பரில் நாடு முழுக்கக் காஸ் வெடிப்புச் செய்திகள் வந்தபோது பட்ட பயமெல்லாம் எங்கே போனது? சவர்க்கார நுரையை மூட்டுகளில் பூசி, குமிழி வருகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே தேங்கும். எலிக்குப் பயந்து கிரில்லின் கீழ்ப்பக்கத் திறப்புகளைத் தகரம் வைத்து அடைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

பர்னர் உட்காரும் பெட்டியே உக்கி அடியில் ஓட்டை விழுந்துவிட்டதா, வால்வு கசிந்து அதே வால்வு கிடைக்கவில்லையா, அப்போது பாசம் பார்க்காமல் மாற்றுங்கள்.

திருத்தும் செலவு புது விலையில் பாதியைத் தாண்டினால் புதுசு வாங்கு என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். கடற்கரையில் அந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 350 ஐத் தாண்டிய பிறகு, முன்பு கொடுத்த காசுக்கு இப்போது கிடைப்பது மெல்லிய தகட்டுச் சாமான். வார்ப்பு அலுமினியப் பெட்டியுள்ள பழைய கிரில் கறள் பிடிக்காது, அதற்குப் பாதிக்கு மேல் செலவழித்தாலும் நட்டமில்லை. புதுசு வாங்கத்தான் வேண்டுமென்றால் ஒரு காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். எல்லாமே 'ஸ்டெயின்லெஸ்' என்றுதான் சொல்வார்கள், ஆனால் காந்தம் பிடித்து ஒட்டினால் அது பெரும்பாலும் நிக்கல் இல்லாத 430 ரகம், உப்புக்காற்றுக்குத் தாங்காது. நிக்கல் சேர்ந்த 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது அல்லது லேசாகத்தான் இழுக்கும். அதுவும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து வைத்தால்தான் நிலைக்கும்.

இன்னொன்று, கனடாவில் இருந்து சொந்தக்காரர் கப்பலில் போட்டுவிடும் கிரில். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது அங்கே வீட்டுக்கு வரும் நேச்சுரல் காஸ் குழாயில் ஓடியதா என்று முதலில் கேளுங்கள். அதன் ஜெட் ஓட்டை பெரியது, நம் சிலிண்டரைப் பூட்டினால் சுவாலை முகத்துக்கு வரும். சிலிண்டரில் ஓடியதாக இருந்தாலும் அங்கத்தைய ரெகுலேட்டர் நம் சிலிண்டரின் வாய்க்குப் பூட்டாது. தெரிந்தவரைக் கொண்டு மாற்றாமல் பற்ற வைக்கவே கூடாது.

இனி விற்கிறவர்களுக்கு. நான் கிரில் வாங்கிய கடையில் வாரண்டி அட்டையைத் திருப்பிப் பார்த்தால் கறளுக்குப் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. கடலுக்குப் பக்கத்தில் உள்ள ஊரில் கறளைக் கழித்துவிட்டு வேறு எதற்கு வாரண்டி? விற்கும்போதே பர்னர், வால்வு, ஹோஸ் மூன்றும் பிறகு கிடைக்குமா, என்ன விலை என்று பில்லில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதித் தராத கடையில் வாங்காதீர்கள். உதிரிப்பாகம் வைத்திருக்காமல் இப்படிப்பட்ட சாமான்களை விற்கலாமா என்பதைப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையும் அடுத்த சீசனுக்கு முன் கவனித்தால் நல்லது.

உப்புவெளி வாசகர்,
திருகோணமலை