வளவில் ஒரு கூண்டு

காரைக்குடி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள வள்ளிக்கு,

கடிதம் கிடைத்தது. தேவகோட்டை வீட்டைத் திறந்து, மூன்று கட்டும் கூட்டிக் கழுவி, அடுப்பு மறுபடி எரிகிறது என்று படித்ததும் மனசு நிறைந்தது. பேரன் உன்னிடம் விட்டுப்போன இரண்டு குருவிகளைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். நீ கேட்டதற்கெல்லாம் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

கடையில் 'லவ்பேர்ட்ஸ்' என்று சொல்லிக் கொடுத்தாலும், பச்சை உடம்பு, மஞ்சள் முகம், முதுகில் கறுப்பு வரி என்று நீ சொல்வதைப் பார்த்தால் அவை பட்ஜி. ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துச் சின்னக் கிளி. மூக்குத் துளையைச் சுற்றி மெழுகு ஒட்டியது போல ஒரு சதை இருக்கும். வளர்ந்த பச்சைப் பட்ஜியில் அது நீலமாக இருந்தால் ஆண், பழுப்பாகவோ வெளிறியோ இருந்தால் பெண். இரண்டுக்கும் நீலம் என்கிறாய், ஆகையால் இரண்டும் ஆண். பெரும்பாலும் சண்டை போடாமல் ஒன்றாக இருக்கும். ஒன்றைக் கொடுத்துப் பெண்ணாக மாற்றலாமா என்ற யோசனையை விட்டுவிடு. பானை கட்டித் தொங்கவிட்டால் பெண் குருவி ஓயாமல் முட்டையிடும். உடம்பில் சுண்ணாம்புச் சத்து தீர்ந்து, ஒருநாள் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதில் போய்விடும் குருவிகள் நிறைய.

இப்போதைக்கு மருந்து, சத்துப் பொடி எதையும் வாங்காதே. கூண்டு எங்கே இருக்கிறது என்பதை முதலில் சரி செய். அடுப்படியை ஒட்டிய தாழ்வாரத்தில் தொங்குவதாக எழுதியிருக்கிறாய். இன்றைக்கே அங்கிருந்து எடு.

காரணம் சொல்கிறேன். நம் நுரையீரல் விரிந்து சுருங்கும், பறவைக்கு அப்படியில்லை. அதன் உடம்புக்குள் காற்றுப் பைகள் இருக்கின்றன. அவை துருத்தி மாதிரி வேலை செய்து, மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரல் வழியே புதுக்காற்றை ஓடவிட்டபடியே இருக்கும். பறக்க அவ்வளவு ஆக்ஸிஜன் வேண்டியிருக்கிறது. காற்றில் கெட்டது கலந்தால் அதுவும் அதே வேகத்தில் ரத்தத்தில் ஏறிவிடும். நமக்கு ஒரு தும்மலோடு போவது 35 கிராம் உடம்புக்கு உயிர்ப் பிரச்சினை.

இதில் மிகக் கொடியது நான்ஸ்டிக் பாத்திரம். அதன் பூச்சு சமைக்கும் சூட்டில் சும்மா இருக்கும். அடுப்பில் வைத்து மறந்து, சூடு 260, 280 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நிறமும் வாசனையும் இல்லாத புகை கிளம்பும். சில நிமிடங்களில் குருவியின் நுரையீரலில் ரத்தம் கசிந்து அது விழுந்துவிடும். அதற்குச் சிகிச்சை என்று பெரிதாக எதுவும் இல்லை. தோசைக்கல்லைவிடப் பணியாரச் சட்டியில் எனக்குப் பயம் அதிகம். நடுக்குழிகளில் மாவு இருக்கும், ஓரக் குழிகள் காலியாகக் காய்ந்துகொண்டிருக்கும். உன் வீட்டில் பழைய இரும்புச் சட்டி எங்காவது பரணில் கிடக்கும். அதைத் தேடி எடுத்து எண்ணெய் போட்டுப் பழக்கு, நான்ஸ்டிக்கைக் கொடுத்துவிடு. துணி தேய்க்கும் பெட்டியிலும் சிலவற்றில் அதே பூச்சு உண்டு.

மசாலாவுக்கு மிளகாய் வறுக்கும் நெடி, சாம்பிராணி, கற்பூரம், கொசுவர்த்தி, கரப்பான் ஸ்பிரே, வாசனை ஸ்பிரே இவையெல்லாம் கூண்டிருக்கும் பக்கமே வரக்கூடாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாமல் இருக்கச் சொல்லவில்லை. சாமி அறையில் போட்டுக் கதவைச் சாத்தி, வெளிப்பக்க ஜன்னலைத் திறந்து வை. கொசுவுக்குக் கூண்டைச் சுற்றிக் கொசுவலை போதும், ஆனால் துணி கம்பியைத் தொடாமல் தள்ளித் தொங்கவேண்டும். கம்பியில் பட்டால் கடித்து நூலில் நகம் சிக்கிக்கொள்ளும். வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பதாக இருந்தால் வாசனை முழுக்கப் போகும்வரை குருவிகள் வேறு வீட்டில் இருக்கட்டும். தீபாவளிக்குப் புகையும் சத்தமும் எட்டாத உள்ளறை.

அப்படியானால் எங்கே வைப்பது? நடு முற்றமான வளவின் மேலப்பக்கத் தாழ்வாரத்தில் வை. கிழக்குக் கூரைக்கு மேலே ஏறிவரும் வெயில் காலையில் மேலப்பக்கத்தில்தான் விழும். கீழப்பக்கத்தில் வைத்தால் பின்னேர வெயில் சுடும். முற்றத்தின் ஓரத்திலிருந்து 3 அடியாவது உள்ளே தள்ளி, சாரல் படாமல், ஒரு பக்கம் சுவரை ஒட்டி, உன் கண் உயரத்தில் இருக்கட்டும். காலையில் 20 நிமிடம் வெயில் போதும். அப்போதும் கூண்டின் பாதி நிழலில் இருக்கவேண்டும், வேண்டாமென்றால் அது தானே ஒதுங்கிக்கொள்ளும். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலில் பயனில்லை, எலும்புக்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

வளவு வானம் பார்த்தது என்பதை மறந்துவிடாதே. மேலே இரும்புக் கம்பி போட்டிருந்தாலும் பட்ஜி நுழையும் இடைவெளிதான் அது. காக்கை வந்து கொத்தினால் கம்பியைப் பிடித்திருக்கும் விரல் போகும். பூனை கூண்டைத் தொடக்கூட வேண்டாம், எதிரே உட்கார்ந்திருந்தாலே குருவி மிரண்டு தீனியை விட்டுவிடும். எனவே கூண்டு வெளியே இருக்கும் நேரமெல்லாம் யாராவது பக்கத்தில் இருக்கவேண்டும். விளக்கு வைக்கும் முன் வளவு அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிடு. சிந்திய தீனிக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். கதவுக்கடியில் விரல் நுழையும் சந்து இருந்தால் துணியை அழுத்தி அடை. இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும், தொலைக்காட்சி ஓடும் அறை ஆகாது.

தூணையும் நிலையையும் பற்றி ஒன்று. பட்ஜி எதையும் கொறிக்கும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு (90 பிபிஎம்) மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்ததை எல்லாம் ஈயமுள்ளது என்றே வைத்துக்கொள். பெயின்ட் அடித்த மரத்திலிருந்து கூண்டை ஒரு கை தூரம் தள்ளியே வை.

அந்த வட்டக் கூண்டை மாற்று. பட்ஜி மேலும் கீழும் பறக்காது, குறுக்கே பறக்கும். ஆகவே நீளம்தான் முக்கியம். இரண்டு குருவிக்கு 30 அங்குல நீளம், 18 அகலம், 18 உயரம், இதற்குக் குறையக் கூடாது. கம்பிகளுக்கு இடையே அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் தலை மாட்டும். துத்தநாகப் பூச்சுப் பூசிய வலையில் செய்த கூண்டு என்றால், புதிதில் வெள்ளையாகத் தூளும் துளியும் ஒட்டியிருக்கும். அதைக் குருவி நக்கினால் விஷம். வினிகர் தொட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்துவிட்டுப் பயன்படுத்து.

கூண்டோடு வந்த பிளாஸ்டிக் குச்சியைத் தூக்கிப் போடு. ஒரே பருமனில் வழவழப்பாக இருக்கும் குச்சியில் எப்போதும் பாதத்தின் ஒரே இடம் அழுந்தி, சிவந்து, புண்ணாகும். மருந்து தெளிக்காத வேப்ப மரத்திலோ கொய்யாவிலோ சுண்டுவிரல் பருமன், நடுவிரல் பருமன் என்று கலந்து நான்கைந்து குச்சி வெட்டி, தேய்த்துக் கழுவிக் கட்டு. தண்ணீர்க் கிண்ணத்துக்கு நேர் மேலே கட்டாதே, எச்சம் விழும். விளையாடச் சாயம் போடாத பனையோலை கொடு. ஓலைக்கூடையான கொட்டான் பின்னுகிறவர்களிடம் வெட்டி மீந்த துண்டு நிறைய இருக்கும். ஒரு விரல் அகலத்தில் கிழித்துக் கம்பியில் செருகிவிட்டால் நாள் முழுக்க நார் நாராகக் கிழித்துக்கொண்டிருக்கும். வேலை இருக்கும் குருவி தன் இறகைப் பிடுங்காது.

இனி தீனி. ஒரு குருவிக்கு நாளைக்கு ஒன்றரைத் தேக்கரண்டி தானியம். தினை பாதி, மீதியில் சாமை, கம்பு, கேழ்வரகு. சூரியகாந்தி விதை கொழுப்பு, கையில் பழக்குவதற்கு ஒன்றிரண்டு காட்டினால் போதும். பலரும் ஏமாறும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். பட்ஜி தானியத்தை உரித்துப் பருப்பை மட்டும் தின்று, உமியை அதே கிண்ணத்தில் போடும். மேலே பார்த்தால் கிண்ணம் நிறைய இருப்பது போலவே தெரியும். உள்ளே ஒரு மணி இருக்காது, குருவி பட்டினி கிடக்கும். காலையும் மாலையும் கிண்ணத்தை எடுத்து வாயால் மெல்ல ஊது, உமி பறந்தபின் மீதி எவ்வளவு என்று பார். பூசணம் வாசனை அடிக்கும் தானியத்தைக் கழுவிக் காயவைத்தும் கொடுக்காதே. பூசணத்தின் விஷம் வெயிலில் போகாது, ஈரலைத் தின்றுவிடும்.

தானியம் மட்டும் கொடுத்தால் விட்டமின் ஏ, சுண்ணாம்பு, அயோடின் மூன்றும் குறையும், வெளியே கொழுகொழுவென்று தெரியும். தினம் முருங்கைக் கீரை ஒரு இணுக்கு, கொத்தமல்லி, கேரட் துருவல் என்று மாற்றி மாற்றிக் கொடு. நன்றாக அலசி, கொத்தாகக் கம்பியில் கட்டு. முதல் வாரம் தொடாது, அதற்காக நிறுத்தாதே. வாரம் இருமுறை முளைகட்டிய தினை. எட்டு மணி நேரம் ஊறவைத்து, அலசி வடிகட்டி, முளை வெள்ளைப் புள்ளியாகத் தலை நீட்டியதும் கொடு. புளித்த வாடை வந்தால் கொட்டிவிடு. கீரையும் முளையும் நம் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் கிடக்கக் கூடாது. சுண்ணாம்புக்கு நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேள், கணவாய் ஓடுதான் அது. அதை எப்போதும் கம்பியில் கட்டியிரு. மணல், கல் எதுவும் வேண்டாம். உமியை உரித்துத் தின்னும் பறவைக்கு அது தேவையில்லை, அதிகம் தின்றால் குடலை அடைக்கும். வெண்ணெய்ப்பழம் (அவகாடோ), சாக்லேட், காபி, வெங்காயம், பூண்டு, ஆப்பிள் விதை, உப்புப் போட்ட பலகாரம் ஆகவே ஆகாது. முறுக்கு, சீப்புச் சீடையைப் பேரன் ஊட்டிவிடாமல் பார்த்துக்கொள்.

எறும்புக்குச் சாக்பீஸ் கோடு போட்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். அதைத் துடைத்து எடு, அது பூச்சிமருந்து. கூண்டை ஸ்டாண்டில் வைத்துக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

சித்திரை, வைகாசியில் வாயைத் திறந்து மூச்சு வாங்கி, சிறகை உடம்பிலிருந்து தூக்கி வைத்திருந்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். நிழலுக்கு மாற்றி, சாதாரணத் தண்ணீரைப் பனி போலத் தெளி, காலை நனை. ஐஸ் தண்ணீர் வேண்டாம். தினமும் ஒரு அங்குல ஆழத் தட்டில் தண்ணீர் வைத்தால் தானே குளித்துக்கொள்ளும்.

வெளியே பறக்கவிடுவது அறைக்குள்தான், வளவில் இல்லை. ஃபேனை நிறுத்து. சுவரில் இருக்கும் பெரிய பெல்ஜியம் கண்ணாடிக்கு வேட்டி போட்டு மூடு, திறந்த வழி என்று நினைத்து நேராகப் போய் மோதும். வாளி, அண்டா எதிலும் திறந்த தண்ணீர் கூடாது.

நோய் விஷயம்தான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பறவை நோயை மறைக்கும். கூட்டத்தில் சோர்ந்து தெரிவதைத்தான் வேட்டைப் பறவை எடுக்கும், அதனால் வந்த குணம். சுருண்டு உட்கார்ந்திருப்பது உன் கண்ணில் படும்போது அது பல நாளாக நோயில் இருந்திருக்கும். ஆகவே எடை பார். ஒரு கிராம் காட்டும் அடுப்படித் தராசில் சின்னக் கொட்டானை வைத்துப் பூஜ்யம் ஆக்கி, குருவியை அதில் விட்டு மேலே துணி போட்டு மூடு. வாரம் ஒருநாள், காலைத் தீனிக்கு முன். பட்ஜி 30 முதல் 40 கிராம் இருக்கும். 36 இருந்தது 32 ஆகிவிட்டால், எவ்வளவு சுறுசுறுப்பாகக் கத்தினாலும் மருத்துவரிடம் போ.

தினம் காலையில் கூண்டுக்கடியில் போட்ட செய்தித்தாளைப் பார்த்துவிட்டு மாற்று. நல்ல எச்சம் கரும்பச்சைச் சுருள், நடுவில் வெள்ளைப் பூச்சு, சுற்றிக் கொஞ்சம் ஈரம் என்று மூன்றாக இருக்கும். வெள்ளை மஞ்சளானாலோ பச்சையானாலோ ஈரல் கெட்டிருக்கலாம். முழுத் தானியம் அப்படியே வந்தால் வயிற்றில் நோய். தாளை எடுக்கும் முன் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள். காய்ந்த எச்சத்தின் தூசு மூச்சில் ஏறினால் கிளிக்காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும். எப்போதாவது காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், வீட்டில் குருவி இருப்பதை டாக்டரிடம் சொல். இரண்டாங்கட்டில் கோழி இருக்கிறதே, அதைத் தொட்ட கையோடும் செருப்போடும் குருவியிடம் வராதே. கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் நோய் அப்படித்தான் தாவும். புதிதாக இன்னொரு குருவி வந்தால் 30 நாள் தனி அறையில் இருக்கட்டும். தனிக் கூண்டு மட்டும் போதாது.

தூங்காத நேரத்தில் இறகை உப்பிக்கொண்டு இருப்பது, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடுவது, கூண்டின் தரையில் உட்காருவது, இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் மறுநாள் வரை காத்திருக்காதே. சின்ன அட்டைப்பெட்டியில் விட்டு, துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை ஒரு பக்கம் வைத்து 30 டிகிரி சூட்டில் வைத்துக்கொண்டு கிளம்பு. பறவை பார்ப்பவரா என்று முன்கூட்டியே போனில் கேட்டு வைத்துக்கொள். அன்றைய தாளையும் மடித்து எடுத்துப் போ. குருவிக் கடையில் கொடுக்கும் மஞ்சள் நிற மருந்துப் பொடியைத் தண்ணீரில் கலக்காதே. நோயுற்ற குருவி சரியாகத் தண்ணீர் குடிக்காது, அளவும் போய்ச் சேராது. அது டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து என்றால் கணவாய் ஓட்டுச் சுண்ணாம்பு அதைப் பிடித்துவைத்துக்கொண்டு வேலை செய்யவிடாது. அலகைச் சுற்றித் தேன்கூடு போல வெள்ளைப் பொருக்கு வந்தால் அது உண்ணிப்பூச்சி, மருத்துவர் தரும் சொட்டு மருந்தில் தீரும்.

நகம் உடைந்து ரத்தம் வந்தால் சோளமாவை விரலில் எடுத்து இரண்டு நிமிடம் அழுத்திப் பிடி. இதன் உடம்பிலேயே மொத்த ரத்தம் மூன்றரை மில்லிதான். பத்துச் சொட்டு போவதை நம் கணக்கில் பார்க்காதே.

பக்கத்து வீட்டுப் பையன் பச்சைக்கிளிக் குஞ்சு கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறான் என்றாயே, வேண்டாம். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம். அதைவிட, பொந்திலிருந்து எடுத்த குஞ்சுகளில் வீடு வந்து சேராதவை எத்தனையோ. அவனுக்கும் பக்குவமாக எடுத்துச் சொல்.

அண்ணனுக்கு என் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை இரண்டின் எடையையும் பார்த்து எழுது, எது எது என்று தெரிய அடையாளத்தோடு.

அன்புடன்,
உமையாள்