வாணவேடிக்கைப் படமும் ஒரு தவறான குறிப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் தீபாவளிச் சிறப்பிதழில் இரவில் வாணவேடிக்கையைப் படமெடுப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். டிரைபாட் வேண்டும், ஃபிளாஷை அணைத்துவிடுங்கள் என்றதெல்லாம் சரி. ஆனால், இருட்டில் எடுப்பதால் ஐஎஸ்ஓவை (கேமரா ஒளியை உணரும் அளவை) 1600-க்கு ஏற்றுங்கள், அப்போதும் படம் மங்கினால் ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் கதவு) திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள் என்று சொல்லியிருப்பதைத் தயவுசெய்து திருத்துங்கள். அதை நம்பி எடுத்தால் படம் கெட்டுப்போகும்.

வானம்தான் இருட்டு. வெடித்துச் சிதறும் வாணமோ கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம். அதன் பொறி ஓடிக்கொண்டே இருப்பதால், படத்தைப் பதியும் சென்சாரில் எந்தப் புள்ளியிலும் கண நேரத்துக்கு மேல் நிற்பதில்லை. ஷட்டரை 2 விநாடி திறந்தாலும் 8 விநாடி திறந்தாலும் அந்தக் கோட்டின் பிரகாசம் ஒன்றுதான். கோடு நீளும், ஒரே படத்தில் வெடித்து விரியும் இன்னும் நாலு வாணப் பூ சேர்ந்து விழும், அவ்வளவே. பிரகாசத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அப்பர்ச்சரும் (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறிதாகும்) ஐஎஸ்ஓவும். ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் 8 முதல் 11 வரை போதும். ஐஎஸ்ஓவை 1600 வைத்தால் 16 மடங்கு வெளிச்சம் ஏறி, ஸ்ட்ரான்சியம் தரும் சிவப்பும் செம்பு தரும் நீலமும் வெள்ளைத் திட்டாகிவிடும். பட்டாசுத் தொழிலில் வரவழைக்கக் கடினமான நிறமே நீலம்தான்; சிவகாசியில் ஒருவர் பாடுபட்டுச் சேர்த்த அந்த நிறத்தை நாம் கேமராவில் தொலைப்பது எனக்கு ஆற்றமாட்டாத வருத்தம்.

நேரம் பார்த்து ஷட்டரைத் திறப்பதுதான் இதில் உண்மையான கைவேலை. குழாயிலிருந்து வாணம் கிளம்பும்போதே திறந்துவிட வேண்டும். மேலே ஏறும் மெல்லிய கோடு பூவுக்குத் தண்டாக விழும். வெடித்த பொறிகள் வளைந்து இறங்கி, நுனி சிவந்து அணைந்த பிறகு மூடலாம். கிளம்பும் சத்தத்தை நம்பக் கூடாது. ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றால் சத்தம் வந்துசேர ஏறக்குறைய 3 விநாடி ஆகும், அதற்குள் பூ விரிந்திருக்கும். மொட்டைமாடியில் எடுப்பவர்கள், குழந்தைகள் ஓடுகிற பக்கம் டிரைபாடை வைக்காமல் இருந்தால் நல்லது. தளம் அதிர்ந்தால் கோடெல்லாம் நெளியும்.

கட்டுரையில் புகையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தீபாவளிக்கு வாடைக்காற்று வீசும் காலம். வேடிக்கைக்கு வடக்கே நின்று தெற்கு பார்த்து எடுத்தால் பெரும்பாலும் புகை நம்மைவிட்டு விலகிப் போகும். தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளியன்று மாலையில் 7 மணியிலிருந்து 8 மணி வரைதான் வெடிக்க அனுமதி என்பதால், புகையும் அந்த ஒரு மணி நேரத்திலேயே சேரும். காற்று நின்றுபோன நாளில் முதல் சில நிமிடங்களில் கிடைப்பதுதான் படம். பிறகு வானம் முழுக்கச் சாம்பல் நிறம்.

போனில் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'நைட் மோட்' பல படங்களை எடுத்து ஒன்றாக்குவது, அசையாத பொருளுக்கானது. அதை அணைத்துவிட்டு, திரையைத் தொட்டு வெளிச்சக் குறியைக் கீழே இழுத்தாலே நிறம் திரும்பிவிடும்.

புத்தாண்டு இரவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்கு முன் வரும் இதழில் இந்தத் திருத்தத்தை வெளியிட வேண்டுகிறேன்.

– வாசகர், மயிலாப்பூர், சென்னை