அப்பா கேட்கும் கேள்வி

அன்புள்ள ஜோசப்,

நலம்தானே? உன் பெண்ணுக்கு வேலை கிடைத்ததை டேவிட் சொன்னான். ரொம்ப சந்தோஷம். எனக்கு ஒரு வரி போட உனக்குக் கை வரவில்லையே!

அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். உடம்பைவிட மனசுதான் அவரைப் பாடுபடுத்துகிறது. "என் விசுவாசம் போதுமாடா?" என்று ராத்திரியெல்லாம் கேட்கிறார். கிரியைகள் இல்லாமல் விசுவாசத்தினாலேயே மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான் என்கிற ரோமர் 3:28-ஐ எனக்கு மனப்பாடம் பண்ணவைத்தவர், கத்தோலிக்கனான உன்னை, எங்கள் மார்ட்டின் லூத்தரின் போதனையைக் கண்டித்த உங்கள் சங்கத்தின் பெயரால் "திரெந்து சங்கம்" என்று கூப்பிட்டவர், இப்படிக் கேட்கிறார். நாம் செய்யும் கிரியையினால் மீட்பு இல்லை என்று ஊருக்கே சொன்ன மனுஷன், விசுவாசத்தையே ஒரு கிரியையாக்கி எடைபோட்டுக்கொண்டு கிடக்கிறார்.

லூத்தரும் இதில் தவித்தவர்தான். 1505-இல் எர்ஃபர்ட் மடத்தில் சேர்ந்து, ஒரு பாவமும் விட்டுப்போகக் கூடாதென்று மணிக்கணக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்தார். உன்னைப் பார்க்காதே, கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று அவரைத் திருப்பியவர் அவருடைய துறவற சபைத் தலைவர் ஸ்டௌபிட்ஸ். கடைசிவரை உங்கள் கத்தோலிக்க சபையிலேயே இருந்தவர்! இதை அப்பாவிடம் சொன்னேன். முறைத்தார்.

போன ஞாயிறு எங்கள் சபைப் போதகர் வீட்டுக்கு வந்து இராப்போஜனம் கொடுத்தார். அப்பாவால் கையை நீட்ட முடியவில்லை. அப்பத்தை நாக்கில் வைத்தார். கோணிய வாய்தான், ஆனாலும் கிடைத்தது முழுக் கிறிஸ்து. அதற்குமேல் என்ன போதவேண்டும், சொல்?

அன்று சாயங்காலம் ரோமர் 4 வாசித்தேன். ஆபிரகாமின் விசுவாசம் அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது ஆதியாகமம் 15-இல், விருத்தசேதனம் 17-இல்தான். செய்துகாட்ட ஒன்றும் இல்லாதபோதே கடவுள் அவரை ஏற்றுக்கொண்டார். "பாவியை நீதிமானாக்குகிறவரிடத்தில்" என்ற இடம் வந்ததும், மறுபடி வாசி என்றார். வாசித்தேன். பிறகு, "ஜோசப் இருந்தால் யாக்கோபு 2:24-ஐ எடுப்பான்" என்றார். விசுவாசத்தினால் மாத்திரமல்ல, கிரியைகளினாலும் என்கிற வசனம்தானே? எடு, தாராளமாக எடு. யாக்கோபு காட்டுவது ஈசாக்கைப் பலியிடப்போன ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்தை. ஏற்றுக்கொள்ளப்பட்டவன் பிற்பாடு வாழ்ந்த வாழ்க்கையை. இரண்டுக்கும் சண்டையில்லை என்றுதான் நான் நம்புகிறேன்.

1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க்கில் உங்களவரும் எங்களவரும் கையெழுத்திட்ட, நீதிமானாக்கப்படுதலைப் பற்றிய கூட்டறிக்கை உன்னிடம் இருக்குமே, கொண்டுவா. நம் தகுதியால் அல்ல, கிருபையினால் மட்டுமே என்று இரு தரப்பும் சேர்ந்து சொன்ன 15-ஆம் பத்தியை நீயே அவருக்கு வாசிக்க வேண்டும். மகன் ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று என்னை ஒதுக்கிவிடுகிறார். எதிர்க்கட்சிக்காரன் சொன்னால் நம்புவார். இந்த மாதமே வா.

உன்,
சாமுவேல்