தயங்கும் பெற்றோரைத் திட்ட வேண்டாம்

ஐயா,

தடுப்பூசி போட்ட அன்று இரவு என் மகளுக்குக் காய்ச்சல். நெற்றியில் கைவைத்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். இது வருவதுதான், ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்று முன்பே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

பிள்ளைக்குத் தடுப்பூசி போடத் தயங்குகிறவர்களைத் திட்டிப் பயனில்லை. அந்தப் பயம் பிள்ளைப் பாசத்தில் வருவது. தட்டம்மை ஊசியால் ஆட்டிசம் வருமென்ற பீதியை 1998-ல் கிளப்பிய கட்டுரையை, வெளியிட்ட லான்செட் என்ற மருத்துவ இதழே 2010-ல் திரும்பப் பெற்றுவிட்டது. இதை எத்தனை பெற்றோரிடம் சொல்லியிருக்கிறோம்? தட்டம்மைக் கிருமியோ, நோயாளி அறையைவிட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம்வரை காற்றில் இருக்கும். ஊசி போடும் வயதே வராத கைக்குழந்தைக்கு, சுற்றியுள்ள பிள்ளைகள் போட்டுக்கொள்வதுதான் காப்பு.

மருத்துவர்களே, ஊசியை எடுக்கும் முன் ஐந்து நிமிடம் எங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.

- ஒரு தாய்