ட்ரோன் விழுந்தால் ‘சிக்னல் கோளாறு’ என்று முடித்துவிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் மருந்து தெளிக்கும் ட்ரோன் எங்காவது தென்னையில் மோதினாலோ, கரும்புக்குள் விழுந்து காணாமல் போனாலோ, செய்தியின் கடைசி வரி பெரும்பாலும் “சிக்னல் கோளாறே காரணம் எனக் கூறப்படுகிறது” என்றே இருக்கிறது. சிக்னல் போனால் ட்ரோன் விழ வேண்டிய அவசியமே இல்லை. ரிமோட்டின் தொடர்பு அறுந்ததும் தானாக மேலே ஏறி, கிளம்பிய இடத்துக்குத் திரும்பி இறங்குவதற்கான ஏற்பாடு அதற்குள்ளேயே இருக்கிறது. ஃபெயில்சேஃப் என்பது அதன் பெயர். ஆகவே விழுந்த ட்ரோனில் தேட வேண்டிய பிழைகள் இரண்டு. சிக்னல் ஏன் போனது என்பது ஒன்று. போன பிறகு ட்ரோன் ஏன் திரும்பவில்லை என்பது மற்றொன்று.

முதலில் எந்தத் தொடர்பு போனது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ரிமோட்டின் குச்சி அசைவை ட்ரோனுக்குக் கொண்டுபோவது ஒரு தொடர்பு. பேட்டரி அளவு, உயரம் போன்ற விவரங்களைத் திரும்ப அனுப்பும் டெலிமெட்ரி இன்னொன்று. கேமரா படம் மூன்றாவது. கத்திரி வெயிலில் ரிமோட்டின் திரையோ கைபேசியோ சூடேறிப் படம் உறைந்து நின்றால், பல பைலட்டுகள் சிக்னல் போய்விட்டதாகப் பதறிக் குச்சிகளை இழுக்கிறார்கள். குச்சியை லேசாக அசைத்து, ட்ரோன் நகர்கிறதா என்று கண்ணால் பார்த்தால் போதும். நகர்ந்தால் கட்டுப்பாடு கையில்தான் இருக்கிறது. திரையை நிதானமாகச் சரிசெய்துகொள்ளலாம்.

உண்மையிலேயே கட்டுப்பாடு போகிறதென்றால், எதையும் கழற்றும் முன் அது எப்போது போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. வயலில் ஒரே மூலையில் மட்டும் போனால் சுற்றுப்புறத்தில் ஏதோ மறைக்கிறது. எங்கே பறந்தாலும் ட்ரோன் ஒரு குறிப்பிட்ட பக்கம் திரும்பும்போது மட்டும் போனால், ஆன்டெனா ட்ரோனின் உடம்புக்குப் பின்னால் மறைகிறது. கிளம்பிச் சில நிமிடங்கள் கழித்தே போனால் சூட்டையும் மின்சாரத்தையும் சந்தேகிக்க வேண்டும். எந்த ஒழுங்கும் இல்லாமல் போய்ப் போய் வந்தால் ஏதோ ஒரு கனெக்டர் தளர்ந்து அதிர்வில் ஆடுகிறது.

ட்ரோனில் பதிவாகும் லாக் கோப்பு இதைவிடத் தெளிவாகச் சொல்லும். அதில் ஆர்.எஸ்.எஸ்.ஐ. எனப்படும் சிக்னல் அளவின் கோட்டைப் பாருங்கள். தூரம் கூடக் கூடச் சரிந்து அறுந்திருந்தால் மறைப்போ ஆன்டெனாவோ காரணம். நன்றாக இருந்த கோடு ஒரே நொடியில் பூஜ்யத்துக்கு விழுந்து, இரண்டு மூன்று நொடியில் பழைய அளவுக்கே வந்திருந்தால், ரிமோட்டின் கட்டளையை ட்ரோனில் வாங்கும் ரிசீவர் அணைந்து மறுபடி உயிர் பெற்றிருக்கிறது. அது மின்சாரக் கோளாறு. தெளிப்பு பம்ப் ஓடத் தொடங்கும் நேரத்தோடு அது பொருந்துகிறதா என்று ஒப்பிட வேண்டும். பம்புக்கும் ரிசீவருக்கும் மின்னழுத்தத்தைச் சீராகக் கொடுக்கும் ஒரே 5 வோல்ட் ரெகுலேட்டர் பொதுவாக இருந்தால், பம்ப் இழுக்கும் கணத்தில் அழுத்தம் சரிந்து ரிசீவர் விழுந்துவிடும். பம்புக்குத் தனி ரெகுலேட்டர் கொடுப்பதே சரியான வழி. ரிசீவரின் மின்வழியில் 470 முதல் 1000 மைக்ரோஃபாரட் வரையிலான கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சிறிது தேக்கி வைக்கும் பாகம்) ஒன்று சேர்ப்பது கூடுதல் பாதுகாப்பு.

இனி ஆன்டெனா. பழுதுக்கு வரும் ட்ரோன்களில் அதிகம் தவறாக இருப்பது இதுதான். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர்; அதில் கால் பங்கு சுமார் 31 மில்லிமீட்டர். சாதாரண ரிசீவரின் கேபிள் நுனியில் உறையில்லாமல் தெரியும் அந்த 31 மில்லிமீட்டர் கம்பிதான் ஆன்டெனா. மீதி வெறும் கேபிள். அந்த நுனி ஒடிந்து பாதியானாலும், கார்பன் ஃபைபர் சட்டத்தோடு ஒட்டி டேப் சுற்றப்பட்டாலும் பயன் போய்விடும். கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும், ரேடியோ அலையை மறைக்கும். மருந்து டேங்க் அதைவிட மோசம். 10 லிட்டர் தண்ணீர் நடுவில் நின்றால் அதற்குப் பின்னால் இருக்கும் ஆன்டெனாவுக்கு மிச்சம் கிடைப்பது கொஞ்சம்தான். இரண்டு ஆன்டெனா உள்ள ரிசீவரில் ஒன்றை ஒரு காலிலும் மற்றதை எதிர்ப்பக்கக் காலிலும், ஒன்றுக்கொன்று 90 டிகிரி கோணத்தில் வைக்க வேண்டும். டேங்க் நிரம்பியிருக்கும்போது சிக்னல் தடுமாறி, காலியாகக் காலியாகச் சரியாகிறது என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

ரிமோட் பக்கத்திலும் இதே கதை. குச்சி வடிவ ஆன்டெனாவின் நுனியிலிருந்து அலை அநேகமாகப் புறப்படுவதே இல்லை; பக்கவாட்டில்தான் பரவுகிறது. துப்பாக்கி பிடிப்பதுபோல் நுனியை ட்ரோனை நோக்கிக் குறிவைப்பவர்கள் மிகப் பலவீனமான பக்கத்தைத்தான் அதற்குக் காட்டுகிறார்கள். இதில் எவ்வளவு இழக்கிறோம் என்பதற்குக் கணக்கு உண்டு. திறந்த வெளியில் 1 கிலோமீட்டர் போவதற்குள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 100 டெசிபல் தேய்கிறது (10 டெசிபல் தேய்ந்தால் சக்தி பத்தில் ஒரு பங்காகும்). 100 மில்லிவாட் ரிமோட் என்றால் ட்ரோனை அடையும்போது, ஒரு மில்லிவாட்டைப் பூஜ்யமாக வைத்து அளக்கும் டெசிபல் கணக்கில், மைனஸ் 80 அளவில் இருக்கும். சாதாரண ரிசீவர் மைனஸ் 100 அருகே வாங்கத் திணறும். கையிருப்பு 20 டெசிபல்தான். ரிமோட்டின் ஆன்டெனா நிற்க, ட்ரோனின் ஆன்டெனா படுத்திருந்தால் அந்த 20 டெசிபலும் அதிலேயே கரைந்துவிடக்கூடும். பைலட் ட்ரோனுக்கு முதுகைக் காட்டி நின்றாலும் கையிருப்பில் பெரும் பங்கு போகும்.

இது புரிந்தால், ரிமோட்டின் சிக்னல் சக்தியைக் கூட்டும் பூஸ்டர் வாங்கச் சொல்லும் கடைக்காரர் பேச்சில் மயங்க வேண்டியதில்லை. மத்திய அரசின் நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் ட்ரோன் பெறும் மகளிர் குழுவினர் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். டேங்குக்குப் பின்னால் மறைந்த ஆன்டெனாவைப் பூஸ்டர் வெளியே எடுத்து வைக்காது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஆன்டெனா வழியாக வெளியேறும் சக்திக்கு 4 வாட் என்று சட்ட வரம்பும் உண்டு. இணையத்தில் வாங்கும் டெலிமெட்ரி ரேடியோக்களில் 915 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தால் தொடவே கூடாது. அது அமெரிக்காவில் உரிமம் தேவைப்படாத அலைவரிசை. நம் நாட்டில் அந்தப் பகுதியில் கைபேசிச் சேவை ஓடுகிறது. இங்கே உரிமம் இல்லாமல் பயன்படுத்த 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கிறது.

கனெக்டரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆன்டெனாவைத் திருகி மாட்டும் கனெக்டர்களில் எஸ்.எம்.ஏ., ஆர்.பி.எஸ்.எம்.ஏ. என்ற இரண்டு வகையும் மரையில் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் இரண்டு பக்கமும் நடுவில் துளையாகவே இருந்தால் மின் தொடர்பே ஏற்படாது. திருகி முடித்து “நல்லாத்தான் மாட்டியிருக்கு” என்பார்கள். தூரம் 50 மீட்டரைத் தாண்டாது. ஒரு பக்கம் ஊசி, மறுபக்கம் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஆன்டெனா இல்லாமல் ரிமோட்டை ஆன் செய்தால் உள்ளிருக்கும் பவர் சர்க்யூட்டே கெடலாம். ரிசீவர் போர்டில் அழுத்தி மாட்டும் சின்ன வட்டக் கனெக்டர் சுமார் 30 முறை கழற்றி மாட்டத்தான் செய்யப்பட்டது. பழுது பார்க்கிறேன் என்று தினமும் கழற்றினால் அதுவே பழுதாகும். முதுநகர், பரங்கிப்பேட்டை, அரியாங்குப்பம் பக்கம் உப்புக் காற்றில் பித்தளை சீக்கிரம் பச்சையாகக் களிம்பு பிடிக்கிறது. அதன் மேல் மருந்துத் துளியும் படிந்தால் கேட்கவே வேண்டாம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் மாட்டி, இணைப்பின் மேல், சூடாக்கினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடலாம். மல்டிமீட்டரில் ஷார்ட் காட்டியதும் ஆன்டெனாவைத் தூக்கிப் போடாதீர்கள். சில ஆன்டெனாக்களின் அமைப்பே அப்படித்தான்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கரும்பில் மட்டும் சிக்னல் போகிறதா? நிற்கும் இடத்தை மாற்றுங்கள். அலை ஒரு நூல் பிடித்த கோட்டில் மட்டும் போவதில்லை. கோட்டைச் சுற்றி வயிறு பருத்த இடம் முழுவதும் அதற்கு வேண்டும். 300 மீட்டர் தூரத்துக்கு நடுவில் அதன் ஆரம் சுமார் 3 மீட்டர், 500 மீட்டருக்குச் சுமார் 4 மீட்டர். நெல்லிக்குப்பம் பக்கம் வளர்ந்த கரும்பு 3 மீட்டரைத் தாண்டும். ட்ரோன் அதன் மேல் இரண்டு, மூன்று மீட்டர் உயரத்தில்தான் பறக்கும். பைலட் வரப்பில் ரிமோட்டை நெஞ்சளவில் பிடித்து நிற்பார். பாதை முழுக்கத் தோகைக்குள்தான். பண்ருட்டி முந்திரித் தோப்பு ஓரத்திலும் அப்படியே. மழை பெய்து இலை நனைந்தால் இன்னும் மோசம். டிராக்டர் டிரெய்லர் மேலோ வாய்க்கால் கரையிலோ ஏறி நிற்பதும், வயலின் மூலையை விட்டு நீளப் பக்கத்தின் நடுவுக்கு வருவதும் செலவில்லாத வைத்தியம். மொபைல் டவரின் காலடியில் நிற்க வேண்டாம். 4ஜி சேவை 2300 முதல் 2400 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் ஓடுகிறது. அதற்கு அடுத்த வாசலே ரிமோட்டின் அலைவரிசை. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் படம் எடுப்பவர்களுக்கு விடுதிகளின் வைஃபை நெரிசல்தான் தொல்லை, 5.8 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் குறையும். நெய்வேலி பக்கத்து உயர் அழுத்தக் கம்பிகள் மேல் பழி போடுவது வழக்கம். அந்த 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் 2.4 கிகாஹெர்ட்ஸைத் தொடுவதில்லை. கோபுரத்தின் இரும்பு காம்பஸைக் குழப்பி ட்ரோனை வட்டமடிக்க வைக்கலாம். அதைச் சிக்னல் போனதாக நினைத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது பிழைக்கு வருவோம். ரிசீவரில் ‘ஹோல்டு’ என்று ஒரு அமைப்பு உண்டு. சிக்னல் போனதும் கடைசியாக வந்த கட்டளையையே அது திரும்பத் திரும்பக் கொடுக்கும். தொடர்பு அறுந்தது ட்ரோனுக்குத் தெரியவே தெரியாது. முன்னே போய்க்கொண்டிருந்தால் போய்க்கொண்டே இருக்கும். இதை ‘நோ பல்ஸ்’ (சிக்னல் போனதும் கட்டளை எதுவும் கொடுக்காமல் நிறுத்துவது) என்று மாற்ற வேண்டும், அல்லது மோட்டார் வேகத்துக்கான த்ராட்டில் கட்டளையின் எண் ஃபெயில்சேஃப் எல்லைக்குக் கீழே போகும்படி வைக்க வேண்டும். பல ட்ரோன்களைப் பறக்கவைக்கும் ஆர்டுபைலட் மென்பொருளில் அந்த எல்லை முதலிலிருந்தே 975 என்று இருக்கும். சோதிக்க, இறக்கைகளைக் கழற்றிவிட்டு, ட்ரோனைக் கணினியில் இணைத்து ரிமோட்டை அணையுங்கள். ரேடியோ ஃபெயில்சேஃப் எச்சரிக்கை திரையில் வர வேண்டும். வராத ட்ரோனை வயலுக்கு எடுத்துப் போகக் கூடாது.

திரும்பும் உயரமும் முக்கியம். அதே மென்பொருளில் அது முதலிலிருந்தே 15 மீட்டர் என்று இருக்கும். நம் ஊர் நெட்டைத் தென்னை 20 மீட்டரைத் தாண்டும், சவுக்கும் சளைத்ததில்லை. அந்த வயலைச் சுற்றியுள்ள உயர்ந்த மரத்துக்கும் மேலே 5 மீட்டராவது கூட்டி வையுங்கள். மேலே ஏறியதும் பெரும்பாலும் சிக்னல் திரும்பிவிடும். ஆனாலும் ட்ரோன் தன்பாட்டில் திரும்பிக்கொண்டிருக்கும். ரிமோட்டில் பறக்கும் முறையை மாற்றும் மோடு சுவிட்சை ஒருமுறை மாற்றினால்தான் கைக்கு வரும். இது தெரியாத பைலட் “சிக்னல் இருக்கு, கேட்க மாட்டேங்குது” என்று மோத விடுகிறார்.

வாடகைக்கு ட்ரோன் அழைக்கும் விவசாயிகள், முதல் காணிக்கு மருந்து ஊற்றும் முன் இரண்டு கேள்வி கேட்கலாம்: திரும்பும் உயரம் எத்தனை மீட்டர், ஃபெயில்சேஃப் சோதனை செய்தாயிற்றா. 2021 ட்ரோன் விதிகளின்படி விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் பைலட் தெரிவிக்க வேண்டும். தங்கள் செய்தியாளர்கள் விபத்து இடத்துக்குப் போகும்போது, அப்படித் தெரிவிக்கப்பட்டதா, லாக் கோப்பில் சிக்னல் கோடு சரிந்து அறுந்ததா, ஒரே அடியாக விழுந்ததா, ஃபெயில்சேஃப் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டு எழுதும்படி வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ட்ரோன் பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள சிலர்,
நெல்லிக்குப்பம், கடலூர் மாவட்டம்.