தரம் 10 மருத்துவப் பரிசோதனையில் மாதவிடாயைப் பற்றியும் கேளுங்கள்

திருகோணமலைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், மாவட்டத்தின் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

பாடசாலைகளில் தரம் 1, 4, 7, 10 ஆகியவற்றில் மருத்துவப் பரிசோதனை நடைபெறுவதை நீங்கள் அறிவீர்கள். தரம் 10இல் படிக்கும் பெண்பிள்ளைகளில் பெரும்பாலானோர் பூப்படைந்து இரண்டு மூன்று ஆண்டுகளாவது ஆகியிருக்கும். நிறையும் உயரமும் அளக்கும் அந்த நாளில், ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியறையில் ஒரு பெண் உத்தியோகத்தர் மாதவிடாயைப் பற்றியும் தவறாது கேட்க வேண்டும் என்பதே சுகாதாரப் பாடம் கற்பிக்கும் ஆசிரியையான எனது வேண்டுகோள்.

முதலாண்டில் மாதவிடாய் முன்பின்னாக வருவது இயல்பு. அதன் பின்னரும் 21 நாட்களுக்குள் திரும்பத் திரும்ப வந்தாலோ, 45 நாட்களுக்கு மேல் தள்ளிப்போனாலோ, ஒரு தடவையேனும் 90 நாட்களைக் கடந்தாலோ, 15 வயதாகியும் பூப்படையாதிருந்தாலோ மருத்துவர் பார்க்க வேண்டும். எங்கள் வீடுகளிலோ "கலியாணம் முடிந்தால் எல்லாம் சரிவரும்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. பிள்ளைப்பேறு தாமதமாகி மருத்துவரிடம் போகும்போதுதான் பலர் பிசிஓஎஸ் (மாதவிடாயையும் முட்டை வெளிவருவதையும் குழப்பும் ஹார்மோன் சார்ந்த சூலகக் கோளாறு) என்ற பெயரையே கேள்விப்படுகிறார்கள். கருவள வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இது இருப்பதாகவும், அவர்களில் 70 சதவீதம் வரையானோர் அதை அறியாதிருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பெண்களைப் பரிசோதித்து நோய்களை முன்கூட்டியே கண்டறியும் சுகவனிதையர் கிளினிக் முதன்மையாக 35 வயதை எட்டியோருக்கானது. இந்தக் கோளாறோ பதின்ம வயதிலேயே தொடங்கிவிடுகிறது.

இதில் உணவுக்குள்ள பங்கை விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன். உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காதபோது கணையம் அதனைக் கூடுதலாகச் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் சூலகத்தைத் தூண்டி ஆண் ஹார்மோன்களைப் பெருக்குவதால் முட்டை முதிர்ந்து வெளிவருவது தடைப்படுகிறது, முகத்தில் உரோமமும் பருக்களும் தோன்றுகின்றன. பின்கழுத்து கறுத்துத் தடிப்பதும் இன்சுலின் மிகுதியின் அடையாளமே. அதை அழுக்கென்று எண்ணித் தோல் சிவக்கும்வரை தேய்த்துக் குளிக்கும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு வேண்டியது இரத்தச் சீனிப் பரிசோதனை.

ஆனால் "சோற்றைக் குறை, மெலிந்து போ" என்று மட்டும் சொல்லி அனுப்புவது பெருந்தவறு. மெலிந்த பிள்ளைகளுக்கும் பிசிஓஎஸ் வரும். அளவுமீறிப் பட்டினி கிடந்தால் மூளையே சூலகத்துக்கான கட்டளையைக் குறைத்து மாதவிடாயை நிறுத்திவிடும். எந்தவொரு தனி உணவுமுறையும் மற்றவற்றைவிட மேலானதென நிறுவப்படவில்லை என்றே பிசிஓஎஸ் பற்றிய 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டலும் கூறுகிறது. ஆகவே விலையுயர்ந்த மாவும் மாத்திரையும் தேவையில்லை. காலையில் வெறும் தேநீரோடு வரும் பிள்ளை இடைவேளையில் ரோல்ஸும் இனிப்புப் பானமும் வாங்குவதற்குப் பதிலாக, அவித்த பயறோ கடலையோ குரக்கன் புட்டோ உண்ண வழியிருக்க வேண்டும். மதியம் சிவப்பரிசிச் சோற்றோடு முருங்கையிலையும் சூடை மீனும் சேர்ந்தால் இரும்புச்சத்துக்கும் புரதத்துக்கும் நல்லது. சாமத்தியப்பட்ட நாட்களில் உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்துப் பார்த்துப் பார்த்து ஊட்டும் அக்கறை, தண்ணீர் வார்த்ததோடு முடிந்துவிடக்கூடாது.

வலயக் கல்விப் பணிப்பாளர்களே, பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளில் எவற்றை விற்கலாம் என்று கூறும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் உள்ள சிறிய பாடசாலைகள்வரை நடைமுறையில் இருக்கிறதா என நேரில் பார்வையிடுங்கள். பணிப்பாளர் அவர்களே, பரிசோதனையில் இனங்காணப்படும் பிள்ளையை எந்தக் கிளினிக்குக்கு, எந்த நாளில் தாய் அழைத்து வர வேண்டும் என்பதை எழுத்தில் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். நிறையை வகுப்பின் முன் உரத்து வாசிக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த பரிசோதனைச் சுற்று தொடங்குமுன் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
சுகாதாரப் பாட ஆசிரியை,
திருகோணமலை